பச்சை உடம்புக்காரி

அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான். இல்லாதவள் அக்கா. அவள் மஸ்கட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். அக்கா வீட்டுக்காரரின் கம்பெனி அங்கே ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறது, இங்கே வந்தால் அது கிடையாது என்பதால் அங்கேயே பெற்றுக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, சொன்னார்கள். அம்மா சரி என்றாள். அதற்குள் அவள் அக்காவின் பத்தியத்துக்கென்று மலைப்பூண்டு வாங்கி அடுப்படிக் கொடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

வீட்டில் அதற்கு முன்பே சத்தம் குறைந்துவிட்டது. அம்மா முன்பெல்லாம் நடவுக்குப் போவாள். பெண்கள் கூட்டமாகப் போய், வரப்பில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டு, ஒருத்தியை ஒருத்தி கேலி பேசிக்கொண்டு பொழுது சாயத் திரும்புவார்கள். நடவு மெஷின் வந்த பிறகு அந்தக் கூட்டம் கலைந்தது. சிலர் நூறு நாள் வேலைக்குப் போனார்கள், சிலர் திருப்பூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டோடு நின்றுவிட்டாள். அப்பாவுக்குக் குத்தகை வயலே கதி. நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்து கல்லூரிக்கும் போனவன். தஞ்சாவூரில் ஒரு தீவனக் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடிந்ததும் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவேன். தெருவில் என் வயதுக்காரர்கள் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். எழுதி முடித்ததும் எங்களுக்குள் பேச எதுவும் இருக்காது. அவர்கள் எழுந்து போவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் கடையில் நாய்த்தீவனம் வாங்குகிறவர்களில் ஒருவர் வல்லம் பக்கம் பண்ணை வைத்திருந்தார். லாப்ரடார் குட்டிகளை விற்பவர். ஒருநாள் மூட்டைகளோடு வேனில் போனபோது, கடைசிக் கூண்டில் அவளைப் பார்த்தேன். வெளுத்த மஞ்சள் நிறம், தொங்கிய மடி. மற்ற நாய்களெல்லாம் கம்பியில் ஏறிக் குரைக்க, அவள் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வருடக்கணக்காகக் குட்டி போட்டாகிவிட்டது, கடைசித் தடவை இரண்டுதான் பிழைத்தது, இனி சினைக்கு விடப்போவதில்லை என்று பண்ணைக்காரர் சொன்னார். நல்ல வீடு கிடைத்தால் காசு வாங்காமலே கொடுத்துவிடுவாராம்.

"ஆனா பொறுமையா இருக்கணும் தம்பி. வீடுன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. சரிப்படலன்னா எனக்கே கொண்டாந்து குடுத்துடுங்க. ரோட்டுல மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

பகலெல்லாம் அம்மாவுக்கு ஒரு துணை இருக்குமே என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஒரு லோடு ஆட்டோவில் கூட்டிவந்தேன். எதிர்வீட்டு அத்தை வாசலுக்கே வந்து பார்த்துவிட்டு, "வண்டி வச்சுக் கூட்டியாரானேன்னு மருமவளாக்கும்னு ஓடியாந்தேன்" என்றாள். நம் தெருவில் நாய்க்கா பஞ்சம் என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தாள்.

வீடு என்பது அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கொல்லையில் அவிழ்த்து விட்டபோது அவ்வளவு இடம் இருந்தும், கூண்டின் அளவுக்கே நடந்து நடந்து திரும்பினாள். மிக்ஸி ஓடினால் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வாள். ஃபேன் சுற்றுவதைப் பார்த்து நடுங்கினாள். கொல்லைக் கதவு வரைக்கும் வருவாள், நிலைப்படியைத் தாண்ட மாட்டாள். கூப்பிட்டால் தலையைத் தாழ்த்திக்கொள்வாள். சோறு வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் சாப்பிடுவாள், அதிலும் பாதி மிச்சம் இருக்கும். பண்ணையில் வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் பயப்படுகிறாள் என்று அம்மா அந்தப் பெயரை விட்டுவிட்டாள். "ஏ பொண்ணு" என்றுதான் கூப்பிடுவாள்.

அம்மாவுக்குப் பொறுமை அதிகம். கொல்லைப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், அவளைப் பார்க்காமலே ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். நாய் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே வந்து படுத்தது. ஆனாலும் தொட விடவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது நாயிடம் ஒரு மாற்றம். தேங்காய் மட்டை, என்னுடைய ஒற்றைச் செருப்பு, அப்பாவின் பழைய துண்டு என்று ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய்க் கொட்டகை மூலையில் சேர்த்தாள். அவற்றைச் சுற்றிப் படுத்து நக்கிக் கொடுத்தாள். மடியில் பால் கட்டியிருந்தது. நான் பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன். அது பொய்ச் சினை, சில நாய்க்கு வரும், தானாகச் சரியாகிவிடும் என்றார். அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"பொய்ச் சினையா?" என்றாள் அம்மா. "பால் பொய்யா வருமா தம்பி? பெத்ததெல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டானுவ. ஒடம்புக்குத் தெரியாதா?"

அந்த வாரம்தான் மஸ்கட்டில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் பார்த்தோம். அக்கா பிரெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பிரெட்டா என்று அம்மா கேட்டாள். இங்கே இதுதான் தருகிறார்கள் என்று அக்கா சிரித்தாள். போனை வைத்ததும் அம்மா எழுந்து போய்ப் பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பார்கள் எங்கள் பக்கம். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, சுக்கு தட்டிப் போட்டு, குழையக் குழையச் சோறு பிசைந்து முதல் ஒரு மாதம் கொடுப்பார்கள். அம்மா அதைப் பிசைந்து, மேலே கருவாட்டைச் சுட்டு உதிர்த்துப் போட்டு, கொட்டகை மூலையில் வைத்தாள்.

நாய் அதை வழித்துத் தின்றது. மறுநாளும் வைத்தாள், மறுநாளும் தின்றது. பிறகு ஒருநாள் சாயங்காலம் நான் பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் நிலைப்படியைத் தாண்டி அடுப்படிக்குள் நின்றிருந்தாள். பூண்டு வதங்கும் வாசனைக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அம்மா அவளுடைய காதைத் தடவிக்கொண்டே கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, சத்தம் போடாதே என்று கண்ணைக் காட்டினாள். அப்படி ஒரு முகத்தை அக்கா கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அம்மா அக்காவிடம் போனில் அதைச் சொன்னாள். அக்கா, "அந்த நாய்க்குக் குடுத்து வச்சிருக்கும்மா. எனக்கு இங்க ஒரு பல்லு பூண்டு உரிச்சுத் தர ஆளில்ல" என்றாள். அம்மா போனைத் துண்டிக்காமல் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடியில் இருந்த பூண்டு பாதிக்குமேல் தீர்ந்திருந்தபோது, ஒருநாள் காலையில் நாய் எழுந்திருக்கவில்லை. சோற்றுப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. படுத்த இடத்திலேயே போன மூத்திரம் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. எதிர்வீட்டு அத்தையின் மகனுடைய காரைக் கேட்டு வாங்கித் தஞ்சாவூருக்கு ஓடினோம். அம்மா பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டார். அம்மா நல்ல பிள்ளையாக வரிசையாகச் சொன்னாள். சோறு, முட்டை, கருவாடு, சுக்கு, பூண்டு. எவ்வளவு பூண்டு என்று கேட்டார். அம்மா இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள். தினமும் என்றாள்.

மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாய்க்குப் பூண்டு விஷம்மா. ரத்தத்தையே உடைச்சுடும். இதுக்கு ஏற்கனவே உண்ணிக் காய்ச்சல்ல ரத்தம் கம்மி" என்று மெதுவாகச் சொன்னார்.

"பச்ச ஒடம்பு சார்" என்றாள் அம்மா.

வேறு நாயின் ரத்தம் ஏற்றினால்தான் பிழைக்கும், அதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். நான் பண்ணைக்காரரைக் கூப்பிட்டேன். பூண்டா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஒரு பெரிய ஆண் நாயோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முன்னால் கால் வைக்கும் இடத்தில் அது உட்கார்ந்து வந்தது. அவளுடைய மூன்றாவது ஈத்துக் குட்டி, விற்காமல் தானே வைத்துக்கொண்டதாம்.

அம்மா அதைக் கேட்டதும் எழுந்து நின்றாள். இரண்டும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அது மேஜையில் கிடந்தவளை ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு திரும்பி, பண்ணைக்காரரின் பையில் பிஸ்கட் இருக்கிறதா என்று தேடியது. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. அம்மா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அத்தனை பேர் இருந்தும் அவள் தனியாக உட்கார்ந்திருந்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ரத்தம் ஏற்றியதில் நாய் பிழைத்தது. அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஆனால் அம்மா அவள் பக்கமே போகவில்லை. மிச்சப் பூண்டை யாருக்கோ கொடுத்துவிட்டாள். என் கையால் இனிமேல் எதுவும் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்பாவை வைக்கச் சொன்னாள். அப்பா வைத்தார், நாய் சாப்பிடவில்லை. நான் ஊட்டிப் பார்த்தேன், வாயை இறுக்கிக்கொண்டது. அடுப்படி வாசலில் படுத்து, அம்மா நடக்கிற பக்கமெல்லாம் கண்ணை மட்டும் திருப்பியது. இப்படியே சாப்பிடாமல் இருந்தால் ஏற்றிய ரத்தம் வீண், பண்ணைக்கே அனுப்பிவிடலாமா என்று அப்பா என்னிடம் தனியாகக் கேட்டார். அம்மாவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும்.

மறுநாள் நான் கடையில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். அரிசியும் முட்டையும் போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்றேன். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள், உப்பு போடலாமா. வேண்டாம். மஞ்சள்? வெங்காயம் ஒன்னே ஒன்னு? நான் ஒவ்வொன்றுக்கும் மருத்துவரைக் கேட்டுச் சொன்னேன். முதலாளி கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் கூப்பிட்டபோது அம்மா எதுவும் கேட்கவில்லை. "தின்னுட்டா" என்றாள். தட்டு தரையில் உரசுகிற சத்தம் போனில் கேட்டது.

சில நாள் கழித்து எதிர்வீட்டு அத்தை வந்து, சும்மா வந்த நாய்க்கு எவ்வளவு பணம் அழுதீங்க என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா எதை வாங்கினாலும் வெளியே பாதி விலைதான் சொல்வார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, காருக்குப் பெட்ரோல், ஊசி, மருந்து, ரத்தம் ஏற்றியது எல்லாம் சேர்த்து, ஒரு ரூபாயும் குறைக்காமல் சொன்னார்:

"பதினெட்டாயிரத்து நானூறு."