கடலை மாவு தேய்த்த கை

என் மகளின் கன்னத்தில் முதன்முதலாகத் தோல் சிவந்து உரிந்தபோது, என் தட்டிலிருந்து கத்தரிக்காயை எடுத்தார்கள். அவளுக்கு அப்போது மூன்று மாதம்.

முழங்கை மடிப்பில் நீர் கசிந்ததும் முட்டை போனது. காதுக்குப் பின்னால் வெடித்ததும் கருவாடும் பாலும் போயின. கரப்பான் என்றார்கள். தாய் தின்பதுதான் பாலில் இறங்குகிறது என்றார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வேதியியலில் பட்டம் வாங்கியவள். அப்படியும், யாழினி சொறிந்து ரத்தம் கசியும்போதெல்லாம் ரசஞ்சோற்றைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு சொன்னவர் என் கணவரின் அக்கா வரலட்சுமி. பொதட்டூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர். எனக்கு அம்மா இல்லாததால், குழந்தை பிறந்தது முதல் ஐந்து மாதம் திருத்தணியில் எங்களோடு தங்கி அவர்தான் குளிப்பாட்டினார்.

“சோப்பு போட்டா தோலு வெந்துபூடும். எங்க வூட்டு புள்ளைங்க எல்லாம் கடலை மாவுலதான் குளிச்சி வளந்துதுங்க.”

“புண்ணு மேல எரியாதா அண்ணி?”

“நீ காலேஜில படிச்சது வேற, புள்ள வளக்கறது வேற.”

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. ஒருநாள் திருப்பித் தர வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

யாழினிக்கு ஒன்றேகால் வயதானபோது என் கணவர் தணிகை, பஜ்ஜியில் ஒரு விள்ளல் கிள்ளி அவள் வாயில் வைத்தார். பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கியது. உடம்பெங்கும் தடிப்பு, பிறகு வாந்தி. பக்கத்து மருத்துவர் ஊசி போட்டுக் காப்பாற்றி, ஒவ்வாமை நிபுணரைப் பார்க்கச் சொன்னார்.

நான் பார்க்கவில்லை. அரக்கோணத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, அறிக்கையை நானே படித்தேன். முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை என்று ஐந்துக்கு நேராகக் குறி இருந்தது. ஐந்தையும் நிறுத்தினேன். படித்தவள் அல்லவா! இரண்டு மாதத்தில் குழந்தையின் விலா எலும்பு தெரிந்தது. தோல் அப்படியேதான் இருந்தது.

இதே போன்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தனியாகப் படிக்காதீர்கள்.

பிறகுதான் சென்னைக்குப் போனோம். தணிகைக்கு விடுப்பு கிடைக்காததால் அண்ணி துணைக்கு வந்தார். மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ரத்தத்துல குறி இருந்தா மட்டும் அலர்ஜி இல்லம்மா. சாப்பிட்டா என்ன ஆகுதுன்னு பாக்கணும். இவளுக்கு இருக்கறது அடோபிக் டெர்மடைடிஸ் (தோலின் காப்புச் சுவர் பலவீனமாக இருப்பதால் வரும் நாட்பட்ட அழற்சி). அதுக்கு மொதல்ல தோலைக் கவனிக்கணும்.”

களிம்பும், நாளுக்குப் பலமுறை தடவும் ஈரப்பூச்சும் எழுதிக் கொடுத்தார். தோல் குத்துச் சோதனை (முன்கையில் உணவுச் சாற்றுத் துளி வைத்து லேசாகக் குத்திப் பார்ப்பது) நடந்தது. கொண்டைக்கடலைத் துளி மட்டும் பெரிய தடிப்பாக எழும்பியது. மற்ற நான்கையும் வெவ்வேறு நாட்களில் மருத்துவமனையிலேயே ஊட்டினார்கள். ஒரு சிட்டிகை, இருபது நிமிடம் காத்திருப்பு, பிறகு இன்னும் கொஞ்சம். யாழினி முழு முட்டையையும் தின்றுவிட்டு என் புடவையில் வாயைத் துடைத்தாள். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

“குளிப்பாட்ட என்ன தேய்ச்சீங்க?” என்று மருத்துவர் கேட்டார்.

“கடலை மாவு. இவங்கதான் தேய்ச்சாங்க” என்று அண்ணியைக் கை காட்டினேன்.

வெடித்த தோல் வழியாக நுழையும் உணவை உடம்பு பகையாகக் கற்றுக்கொள்ள வாய்ப்புண்டு என்று மருத்துவர் விளக்கினார். அண்ணியின் முகம் வெளுத்தது. எனக்கு உள்ளே இனித்தது. மருத்துவரோ, “இதெல்லாம் யாருக்கும் தெரியாது, யார் மேலயும் தப்பில்ல” என்று முடித்துவிட்டார். கைக்கு எட்டிய பழியைத் தட்டிவிட்டாரே என்று அவர்மேலும் கோபம் வந்தது.

ஒன்றை நான் அந்த அறையில் சொல்லவில்லை. அண்ணி ஊருக்குப் போன பிறகு பத்து மாதம் அதே மாவைத் தேய்த்தது நான்.

அதற்குப் பிறகு வீட்டில் என் ஆட்சிதான். அண்ணி வந்தால் வாசலிலேயே சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு, பொட்டுக்கடலை நான்கும் ஒரே வித்து என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே ஆபத்தின் ஐந்து அறிகுறிகளையும் சேர்த்து, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ஆபத்துக்கு வைத்துக்கொள்ள மருத்துவர் அளவு குறித்துத் தந்த ஊசி ஒரு நீலப் பையில் எங்களோடேயே வரும்.

தலைப்புண் ஆறி, மூன்றாம் வயதில் மலைமேல் மொட்டை போட்டோம். புது பிளேடு, சந்தனம் கிடையாது, ஈரப்பூச்சு மட்டும். அடிவாரச் சத்திரத்தில் சாப்பாடு. பஜ்ஜி இல்லை, வடை இல்லை, சட்னியில் தேங்காய் மட்டும். அண்ணி ஒரு டப்பாவோடு வந்தார். லட்டு.

“வண்டியிலயே இருக்கட்டும் அண்ணி.”

“அத்தை சீருடீ இது. தட்டுல வெக்காம இன்னா பண்றது?”

“மாவு. கடலை மாவு.”

“நான் இன்னா பூச்சி மருந்தா கொணாந்தேன்?”

“அவளுக்கு அது பூச்சி மருந்துதான். மாவு ஆகாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

பந்தியே திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. “அறிகுறி அஞ்சு இன்னான்னு சொல்லுங்க பாக்கலாம்” என்று, பள்ளிப் பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“உதடு வீங்கும். தடிப்பு வரும். வாந்தி. இருமல் இழுப்பு. அப்பறம் துவண்டுபூடும்.”

“ஊசி எங்க?”

“நீலப் பையில. தொடையில, வெளிப்பக்கமா போடணும்.”

யாரோ சிரித்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் கேட்ட சொல்லை வட்டியோடு திருப்பிவிட்ட நிம்மதியில் நான் பாயசம் குடித்தேன்.

கால்மணி நேரம் கழித்து அண்ணியின் குரல் கேட்டது. “அடியே, உதட்டப் பாரு! புள்ள இருமறா! ஊசிடீ!”

யாழினி என் அப்பாவின் மடியில் இருந்தாள். நைனா மணவூர்ப் பக்கம் கூலி வேலை செய்பவர். அவர் துண்டில் பொரியும் பொட்டுக்கடலையும் இருந்தன. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அண்ணிதான் குழந்தையை வாங்கிப் படுக்கவைத்தார், பையைத் திறந்தார், காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “போடு” என்று அதட்டினார். போட்டேன். ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போவதற்குள் இழுப்பு தணியத் தொடங்கியது.

அன்று மாலைவரை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். வராந்தாவில் நைனா என்னிடம் வந்தார்.

“மாவுதானேம்மா ஆவாதுன்னு சத்தம் போட்டுகினு இருந்தே? இது மாவு இல்லியே.” பிறகு சட்டைப் பையைத் தொட்டார். “நீ குடுத்த பேப்பர பத்திரமா வெச்சிகினுதான் இருக்கேன்.”

எட்டாய் மடித்த என் தாள். அவருக்கு எழுத்துத் தெரியாது. என்னைப் படிக்கவைத்த கைகளில் நான் எழுத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பெஞ்சில் இருந்த அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். “இப்ப நீ சொல்லு. அஞ்சு இன்னா?”

உதடு, தடிப்பு, வாந்தி. அதற்குமேல் எனக்கு வரவில்லை.

“ஆங்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நான்கு கடலைப் பண்டங்களையும் தட்டில் வைத்து நைனாவுக்குக் காட்டினேன். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். நீங்களும் தாளை நம்பாதீர்கள், பொருளைக் காட்டுங்கள்.

யாழினிக்கு இப்போது நான்கு வயது. முழங்கை மடிப்பு வழவழவென்று இருக்கிறது. அவள் புதிதாக எதைத் தின்றாலும் நான் அவள் முதுகில் கை வைத்து இருபது நிமிடம் உட்காருகிறேன். எனக்கு ஒரு நாள் என்பது இப்போது அந்த இருபது நிமிடங்கள்தான். உள்ளங்கையில் அவள் மூச்சு ஏறி இறங்குவதை எண்ணுகிறேன்.

அண்ணியை நான் மன்னிக்கவில்லை. வாசலில் அவர் இன்னும் கை கழுவிவிட்டுத்தான் வருகிறார். சென்ற முறை அவர் கழுவி முடித்ததும் சோப்பை வாங்கி, அவருக்கு எதிரிலேயே என் கையையும் முழங்கைவரை கழுவினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பத்து மாதத்தைச் சொல்லியிருப்பேன்.