பயிர் காய்ச்சிய மருந்து

தணிகாசலம் சார் போய்விட்டார் என்று முடிச்சூர் பேருந்து நிறுத்தத்தில்தான் யாரோ சொன்னார்கள். காய்ப் பையோடு அப்படியே அவர் வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் அவரிடம் பயிர் நோய்ப் பாடம் படித்த மாணவர்கள் நீங்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் அவர் பாடத்துக்கு வயல் கொடுத்தவள் நான்.

முடிச்சூரில் மனைக்கல் நடாத காலம் அது. என் நெல்லில் குலைநோய்ப் புள்ளி விழுந்ததும் மருந்து அடிக்க ஆள் பிடித்தேன். சார் தடுத்தார். இலையைக் கிள்ளிக் காட்டினார்.

"பூஞ்சணம் நுழையுற இடத்தைப் பயிரே பொசுக்கிடும்மா. சுத்தி விஷத்தையும் சுரந்து வெச்சுக்கும். புள்ளி கரும்பழுப்பா சின்னதாவே நின்னுட்டா பயிர் ஜெயிச்சுதுன்னு அர்த்தம். நடுவுல சாம்பல் பூத்து நீண்டுதுன்னா தோத்துதுன்னு அர்த்தம். உங்க நெல்லு ஜெயிக்கும், பொறுத்துப் பாருங்க."

என் மாமியார் காலத்து விதை அது. என் பிள்ளையைப் புகழ்ந்த மாதிரி இருந்தது. ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய்த் திரும்பினால் வயலில் ஒரு நெடி.

"இன்னா சார், ஏதோ வாடை அடிக்குது?"

"பயிர் உள்ளுக்குள்ள மருந்து காய்ச்சுதும்மா. அந்த வாடைதான்." சிரிக்கக்கூட இல்லை அவர்.

புது இலைகள் சுத்தமாக வந்தன. ஊரெல்லாம் சொன்னேன். செம்பாக்கத்து நாத்தனாருக்கு விதை கொடுத்து, மருந்தே அடிக்காதே, வாடை வரும்வரை பொறு என்றேன். அந்தப் போகம் அவள் வயல் மொத்தமும் நோயில் போனது.

"இன்னா அண்ணி, உன் நெல்லு மருந்தே காய்ச்சலியே. அடுப்பு பத்தலியா?" கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். இன்றுவரை என் வாசலை மிதிக்கவில்லை.

துக்க வீட்டில் சாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க சந்தைக்குப் போன நேரத்துல அவரேதான் மருந்து அடிச்சுட்டு வந்தாரு. அந்தம்மா வெள்ளாமை போறதைப் பாத்துக்கினு இருக்க முடியலன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொல்லியிருந்தாரு." பெருமையாகத்தான் சொன்னார்.

நல்ல மனசுதான். ஆனால் வெள்ளாமை போயிருந்தால் ஒரு போகம்தான் போயிருக்கும். என் நெல் தானாக ஜெயித்திருக்குமா என்பது இனி யாருக்கும் தெரியாது. ஜெயிக்கும் என்று சொன்னவரே அதை நம்பவில்லை. வயலில் இப்போது வீடுகள். விதையும் இல்லை. சண்டை போட அவரும் இல்லை.

பாடம் பொய்யில்லை, அந்த வாடைதான் பொய். மாடியில் வெட்டிய டிரம்மில் மிளகாய் வைத்திருக்கிறேன். இலையில் புள்ளி விழுந்தால் பேத்தி மருந்தோடு வருகிறாள். அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். சாரால் பொறுக்க முடியாததை நான் பொறுத்துப் பார்க்கிறேன். மோந்து மட்டும் பார்ப்பதில்லை.