பொட்டுவின் காதும் எஞ்சின் ஒயிலும்

புளித்த மாவின் மணமும் வெயில் காணாத ஈரத்துணியின் மணமும் ஒன்றாகக் கலந்தது போன்ற ஒரு வாடை பொட்டுவின் இடது காதிலிருந்து வந்தது. கடுகண்ணாவையில் மழை விட்டுவிட்டுப் பெய்த காலம் அது. அலுமாரியைத் திறந்தாலும் தலையணையில் முகம் வைத்தாலும் பூஞ்சணம் மணத்ததால், அந்த வாடை நாயின் காதிலிருந்து வருகிறது என்று கண்டுகொள்ள எங்களுக்குச் சில நாட்கள் பிடித்தன. அதற்குள் பொட்டு காதின் ஓரங்களைச் சொறிந்து சொறிந்து மயிரை உதிர்த்துவிட்டது. முழங்கை மடிப்பிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கடுகண்ணாவை நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் எழுதுவினைஞராக இருந்தார். தண்டவாளத்துக்குக் கீழே சரிவில் வரிசையாக இருந்த ரயில்வே வீடுகளில், நாங்கள் ‘குவாட்டர்ஸ்’ என்று சொன்னவற்றில், கடைசி வீடு எங்களுடையது. பொட்டு என் மடிக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறிய மண்ணிற நாய். நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்ததால் அந்தப் பெயர்.

அந்தக் குடியிருப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் இருந்தது. கறையான் பிடித்த வேலிக்கட்டைக்கும், துருப்பிடித்த கீலுக்கும், சொறி வந்த நாய்க்கும் எஞ்சின் கொட்டகையிலிருந்து வரும் ‘கழிவு ஒயில்’. பக்கத்து வீட்டில் இருந்த, எஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டர் மாணிக்கம் அண்ணன், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து ரயில்வேக்கு வந்தவர், ஒரு பழைய பால்மா டின்னில் அதை நிரப்பிக்கொண்டு வந்தார்.

“எஞ்சினுக்கே ஊத்துற எண்ணெய் இது, அக்கா. சொறி என்ன, அதோட பாட்டன் பூட்டன் எல்லாம் ஓடிப்போயிரும் பாருங்க,” என்றார்.

அப்பா தேய்ந்த சவரத் தூரிகையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் குந்தி, காது முதல் வால் வரை ஓர் இடம் விடாமல் பூசினார். பொட்டு ஒரு கரிய, வழவழப்பான, அந்நியப் பிராணியாக மாறி என்னைப் பார்த்தது. பிறகு அது தன் உடம்பை நக்கத் தொடங்கியது. அன்று மாலை வாந்தி எடுத்தது. அடுத்த நாள் சோற்றைத் தொடவில்லை. வாயோரத்தில் எச்சில் நூலாக வடிந்தது.

சொறிக்கு ஒயில் என்றால் காதுக்கு அம்மாவின் வைத்தியம். எங்களுக்குக் காது வலி வந்தால் செய்வதைப் போலவே, உள்ளிப்பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை, சூடு தன் கைக்குப் பொறுக்கும் பதத்தில் அந்தக் காதுக்குள் ஊற்றினார். அதுவரை ஒருவரையும் பார்த்து உறுமாத பொட்டு ஊளையிட்டுத் திரும்பி அம்மாவின் வலது கைப் பெருவிரலைக் கடித்தது. ஆழமான கடி இல்லை. இருந்தாலும் இரத்தம் வந்தது.

அதன் பிறகு பொட்டுவின் தலை இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. நடக்க முயன்றால் வட்டமாகச் சுற்றிவந்து சுவரில் இடித்தது. வேலிக்கு அப்பால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணிக்கம் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, தலையச் சாச்சிக்கிட்டு எச்சி வடிக்குது. கடிச்சும் இருக்கு. வெறி புடிச்சிருக்குமோ?”

அவர் சொன்ன வெறியை எங்கள் வீட்டில் ‘விசர்’ என்போம். அந்தச் சொல் வீட்டுக்குள் வந்த பிறகு யாரும் பொட்டுவின் பக்கத்தில் போகவில்லை. என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். நாய் கடித்தவர்களுக்குக் கொப்பூழைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்தேன். ஊசி போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் கேள்விப்பட்டிருந்தேன். அம்மாவின் விரலில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை விட்டு என் கண் அகலவில்லை.

நாய் பிடிக்கும் லொறி அடுத்த நாள் எங்கள் பக்கம் வருவதாக இருந்தது. அப்பா கதிரையில் உட்காராமலே பேசினார்.

“நாளைக்கு லொறியில குடுத்துவிடுவம். நீ என்னோட ஆஸ்பத்திரிக்கு வா.”

“நாயைக் குடுத்திட்டு, அதுக்கு விசரோ இல்லையோ எண்டு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?” என்றார் அம்மா. “ஆஸ்பத்திரிக்கு நான் வாறன். ஆனா முதல்ல இதை ஒரு மிருக வைத்தியரிட்டக் காட்ட வேணும். கடி வாங்கினது நான்தானே, நான் சொல்லுறன்.”

அப்பா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். கெட்டது காதா, மூளையா என்ற ஒரே கேள்வியில் பொட்டுவின் உயிரும் அம்மாவின் உயிரும் சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன என்பது எனக்கு அப்போதே விளங்கியது.

எங்கள் ஊருக்கு வந்துபோகும் அரசாங்க வைத்தியர் மாடுகளுக்காக வருபவர். அந்த வாரம் அவர் வரும் நாள் கடந்துவிட்டது. பேராதனைப் பக்கம் நாய்களையும் பார்க்கும் ஒரு மிருக வைத்தியசாலை இருந்தது. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். கோச்சியில், அதாவது ரயிலில், நாய்க்கும் டிக்கெட் எடுத்து, கடைசியில் இருக்கும் கார்ட் பெட்டியில் கொண்டுபோகலாம். கடமையை விட்டு வர முடியாத அப்பா, மறுநாள் காலை ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து எங்கள் இருவருக்கும் நாய்க்கும் டிக்கெட் தந்தார். “கவனம்” என்று மட்டும் சொன்னார். அதை யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

அன்று கார்டாக வந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை ‘நானா’ என்று கூப்பிடுவார்கள். சாக்குத் துண்டால் சுற்றிக் கயிற்றில் கட்டியிருந்த பொட்டுவைக் கண்டதும் அவர் படியில் குறுக்கே நின்றுகொண்டார்.

“தங்கச்சி, இதுட வாயப் பாத்தீங்களா? எச்சி ஊத்துது. இத நான் எப்படி ஏத்துற?”

“காதில வருத்தம் நானா. வைத்தியரிட்டத்தான் கொண்டு போறம்.”

“காதுல வருத்தமெண்டா வாயால ஏன் வடியுது?” அவர் தண்டவாளத்தின் நீளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “தண்ணி குடுத்துப் பாருங்க. குடிச்சா ஏத்துங்க. குடிக்காட்டி என்னைக் கோவிக்க வாணாம்.”

விசர் நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குழாயடியில் கிடந்த ஒரு சிரட்டையில் அம்மா தண்ணீர் பிடித்து நிலத்தில் வைத்தார். பொட்டு மணந்து பார்த்தது. தலையைத் தாழ்த்தியதும் “வீல்” என்று கத்திப் பின்வாங்கியது. மேடையில் நின்றவர்கள் சிதறினார்கள். “விசர்தான், விசர்தான்” என்று யாரோ சொன்னார்கள். எஞ்சின் ஊதியது. நானா கொடியைக் கையில் எடுத்துவிட்டார்.

அம்மா சேலையோடு அந்த ஈர மேடையில் உட்கார்ந்தார். இடது உள்ளங்கையைக் குழித்து, சிரட்டைத் தண்ணீரை அதில் வார்த்து, பொட்டு தலை குனிய வேண்டாத உயரத்தில் அதன் வாய்க்கு நேரே நீட்டினார். கடித்த வாய் என்று நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். சாய்ந்த தலையோடு பொட்டு அந்தக் கையைப் பார்த்தது, பிறகு நாக்கை நீட்டியது. தண்ணீர் தீர்ந்ததும் இன்னும் வேண்டும் என்று வெறும் உள்ளங்கையை நக்கியது.

“சரி, ஏறுங்க, ஏறுங்க,” என்றார் நானா. “புள்ள, நீங்க அந்த மூலையில குந்துங்க.” பேராதனை வரும்வரை அவர் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி இருந்தார். “இது இறங்குற வரைக்கும் நான் காலத் தொங்கப் போட மாட்டேன்,” என்று அவர் சொன்னபோது அம்மா அந்த இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. கொஞ்சம் தமிழ் பேசினார். பொட்டுவின் வாயைக் கட்டி மேசையில் நிறுத்தி, விரலால் அதன் முதுகைத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

“யாரு ஒயில் பூசினது?”

அம்மா சொன்னார். காதில் ஊற்றியதையும் சொன்னார்.

“அம்மே! இது நாய்தானே, எஞ்சின் இல்லையே!”

பிறகு அவர் விளக்கு வைத்த சிறு குழலால் காதுக்குள் நெடுநேரம் பார்த்தார். தோலைச் சுரண்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அது காது ஓரத்தில் தொடங்கியிருக்கிறது. நாய் சொறிந்து சொறிந்து காதின் உள்பக்கமும் புண்ணாகிச் சீழ் வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஊற்றிய சூட்டெண்ணெய் புண்ணை இன்னும் மோசமாக்கியது. உள்காது கெட்டதால்தான் தலை சாய்கிறது, வட்டமாகச் சுற்றுகிறது. நக்கிய ஒயிலால்தான் வாந்தியும் எச்சிலும். இவ்வளவையும் அவர் பாதி தமிழிலும் பாதி கையாலும் விளக்கினார்.

“தண்ணி குடிச்சது, டொக்டர்,” என்றார் அம்மா, கெஞ்சுவது போல.

வைத்தியர் தலையசைத்தார். “அத வெச்சுச் சொல்ல ஏலாது. காதுதான் எண்டு நான் நினைக்கிறேன். விசர் ஊசியும் போன வருஷம் போட்டிருக்கு எண்டு சொல்றீங்க. ஆனா கடிச்சிருக்குதானே? பத்து நாள் கட்டி வெச்சுப் பாருங்க. நீங்க இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காட்டுங்க, நான் சொன்னதையும் சொல்லுங்க.”

பொட்டுவை மிருக வைத்தியசாலையில் விட்டுவிட்டுப் போன கண்டி ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி, நாயை வைத்தியர் பார்த்திருப்பதால் பத்து நாள் தவணை முடியும்வரை ஊசி போடாமல் பொறுக்கலாம் என்றும், நாயில் சிறு மாற்றம் கண்டாலும் உடனே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் வீடு திரும்பியபோது லொறி வந்துபோயிருந்தது.

முதலில் ஒயிலைக் கழுவ வேண்டியிருந்தது. மாணிக்கம் அண்ணன் ஒரு முழுச் சவர்க்காரக் கட்டியோடு வேலியைத் தாண்டி வந்தார். “ஒயில் குடுத்த கையாலேயே சவுக்காரமும் குடுக்கிறேன்க்கா, திட்டாதீங்க,” என்றார். அம்மா திட்டித்தான் வாங்கினார். படுக்கைச் சாக்கை எரித்தோம். தண்ணீரில் கலக்கும் மருந்தால் குளிப்பாட்டினோம். காதுத் துளிகளை விடும்போது அப்பா தலையணை உறையைக் கையில் சுற்றிக்கொண்டு பொட்டுவைப் பிடித்தார். ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் தூரத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு, பிறகு அம்மாவைப் பார்ப்பார்.

தவணை முடியவிருந்த காலையில் பொட்டு எழும்பவில்லை. புதுச் சாக்கின் மேல் எங்களுக்கு முதுகு காட்டிக் கிடந்தது. அப்பா கூப்பிட்டார், அசைவில்லை. “நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்கோ” என்று சொல்லிவிட்டு வேலியிலிருந்து ஒரு தடியை உருவினார். நாங்கள் கதவு வரைதான் போனோம். அப்பா ஓரடி, இன்னோரடி என்று கிட்டப் போனார். அந்த நேரம் கணவாய்ப் பக்கத்திலிருந்து கோச்சி ஊதியது. பொட்டு தலையைத் தூக்கியது. இரண்டு காதுகளும் ஒன்றுபோல நிமிர்ந்தன. தலை நேராக நின்றது. அது கொட்டாவி விட்டு, அப்பாவின் கையிலிருந்த தடியைப் பார்த்து வாலை ஆட்டியது. தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சொறி அடங்கியதால் அது விடிய விடியத் தூங்கிய முதல் இரவு அதுவாக இருக்க வேண்டும்.

அப்பா தடியை வேலியில் பழையபடி செருகினார். உள்ளே வந்து, “தேத்தண்ணி போடு” என்றார்.

இப்போது நானும் அம்மாவும் பிலிமத்தலாவையில் இருக்கிறோம். அந்தக் குவாட்டர்ஸ் வரிசை புதருக்குள் போய்விட்டது, அப்பா இல்லை, அந்த நானாவோ மாணிக்கம் அண்ணனோ எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. என்னிடமும் ஒரு சிறிய நாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் காதைத் தூக்கி மணந்து பார்ப்பது என் வழக்கம். சென்ற மாதம் அந்தப் பழைய வாடையை மறுபடி மணந்தேன். அன்றே முச்சக்கர வண்டியில் கொண்டுபோனேன். கண்ணாடிக் கதவு போட்ட வைத்தியசாலையில் இளம் வைத்தியர் முதலில் கேட்டது, “காதுக்குள்ள ஏதும் ஊத்தினீங்களா?” என்பதுதான். இல்லை என்று நான் சொன்னது சற்று உரத்துவிட்டது போலும், அவர் நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் நாய் எங்கள் மேல் கோபம் கொண்டு மூலையில் படுத்தது. தண்ணீர்க் கோப்பையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மா கதிரையிலிருந்து மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை குழித்தது வலது கை. அது குடிக்கும்போது நான் அம்மாவின் பெருவிரலில் அந்தக் கடித்த அடையாளத்தைத் தேடினேன். இத்தனை வருஷச் சுருக்கங்களுக்குள் அது எங்கே போனதென்று தெரியவில்லை.