ஐந்தாவது டயர்

அந்த டயர்க் கடைக்குப் புதிதாக வருகிற எவரும் அவளைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "மேஸ்திரி எங்கேம்மா?"

அவள் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டாங்க, சொல்லுங்க" என்பாள். கேட்டவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.

கடை அவளுடைய அக்கா புருஷனுடையது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அங்கே பில் எழுத வந்தாள். பில்லில் எழுதச் சொன்ன காற்று அளவும் டயரில் இருந்த காற்று அளவும் ஒத்துப்போகவில்லை என்று முதல் வாரமே கண்டுபிடித்தாள். அளந்து பார்க்காமல் எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தாள். "அப்ப நீயே போய் அளந்துக்கோ!" என்று மாமா எரிந்து விழுந்தார். அளக்கப் போனவள் நாற்காலிக்குத் திரும்பவே இல்லை. டயர் கழற்றவும் மாட்டவும் ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டாள். கடைச் சட்டை அவள் அளவில் தைத்து வர மட்டும் ஐந்து வருடம் ஆனது. அதுவரை மாமாவின் பழைய சட்டையில் பாதி ஆளாக நுழைந்துகொண்டு வேலை பார்த்தாள்.

எதையும் குறி போட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். பெரிய டயர் மாட்டினால் அதன் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, ஒரு முன்சக்கரத்தைச் சரிவுமேடையில் ஏற்றி, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிப்பாள். டயர் எங்கே உரசுகிறதோ அங்கே வெள்ளை ஒட்டிக்கொள்ளும். அதனால் பட்டறையில் அவளுக்குப் பெயரே சாக்பீஸ்.

ஒரு நாள் காலை, காட்டு ரோடு போடுகிற ஒப்பந்தக்காரர் தன் ஜீப்போடு வந்து இறங்கினார். அவருடைய பதினொரு வண்டிகளும் இந்தக் கடைக்குத்தான் வரும். அவர் தும்மினால் மாமாவுக்கு மூக்கு ஒழுகும். ஓட்டி வந்தவர் ஐம்பது வயது டிரைவர். வாரத்தில் மூன்று நாள் நான்கு கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலை மேலே போகிறவர்.

"நல்லா மொரட்டு டயரா நாலு போடுங்க. பாக்குறவன் ஒதுங்கி நிக்கணும்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு" என்றாள் சாக்பீஸ்.

"நாலு போதும். பின்கதவுல பழைய ஸ்டெப்னியே தொங்கட்டும். மேல பெரிய உறை ஒண்ணு மாட்டிடுங்க. உள்ள என்ன இருக்குன்னு எவன் அவுத்துப் பாக்கப் போறான்?"

"அவுக்கப் போறவரு இதோ நிக்கிறாரே!" என்று டிரைவரைக் காட்டினாள்.

டிரைவர் தன் செருப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்பீஸ்! சார் சொல்றதைச் செய்" என்று கல்லாவிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"செய்யறேன் மாமா. அதுக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம்."

பழைய ஸ்டெப்னியிலும் புது டயரிலும் ஒவ்வொரு கோடு போட்டாள். தரையிலும் ஒரு கோடு. இரண்டையும் ஒரே ஒரு சுற்று உருட்டினாள். புது டயர் ஒரு சாண் கூடுதலாகப் போய் நின்றது.

"பாருங்க சார், ஒரு சுத்துக்கே ஒரு சாண். புதுசு மூணோட இதை ஒரு மூலையில மாட்டினா, ஒரு கிலோமீட்டருக்கு இது நாப்பது சுத்து கூடவே சுத்தணும். மலையில நாலு சக்கர கியர் போட்டுத்தானே ஏறுவாங்க? ஒண்ணு ஓட, மத்தது இழுக்க, நடுவுல மாட்டிக்கிட்ட கியருதான் ஒடியும்."

"அதெல்லாம் புத்தகத்துல எழுதி வெச்சிருக்கறதும்மா. மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது."

"மெதுவா ஓட்டினா சின்ன டயரு வளந்துடுமா சார்?"

பஞ்சர் போடுகிறவர் கொல்லென்று சிரித்தார். மாமா கல்லாவை விட்டு ஓடி வந்தார். "சின்ன பொண்ணு சார், வாய் கொஞ்சம்..." அவளுக்கு அப்போது வயது முப்பத்தாறு.

ஒப்பந்தக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதோ பாருய்யா, இந்தப் பொண்ணுகிட்ட பாடம் படிக்க நான் வரலை. ஊர்ல வேற டயர்க் கடையே இல்லையா?"

மாமாவின் முகம் செத்துப்போனது. பதினொரு வண்டியும் போய்விட்டால் முதலில் வீட்டுக்குப் போகப்போவது யார் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் கியர் ஒடிந்தால் மலைமேல் நிற்கப்போவது ஒப்பந்தக்காரர் அல்ல, டிரைவரும் அந்த நான்கு கூலியாட்களும். குரலைத் தணித்துக்கொண்டு அவள் வேலைச் சீட்டை எடுத்து நிதானமாக எழுதினாள்.

"சரிங்க சார், நீங்க சொன்னபடியே போட்டுடறேன். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் வாய்விட்டுப் படித்தார். "ஸ்டெப்னியின் அளவு வேறு. உறை போட்டு மறைக்கப்பட்டுள்ளது. மலைப்பாதையில் மாட்டினால் கியர் உடையலாம் என்று சொல்லியும், உரிமையாளர் விருப்பத்தின்படி..." குரல் தேய்ந்தது. "இது எதுக்கு?"

"ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கறதுன்னு தெரியணுமில்ல சார்."

"டிரைவரைக் கேக்கறது! ஓட்டறவன் அவன்தானே?"

அப்போதுதான் டிரைவர் செருப்பிலிருந்து கண்ணை எடுத்தார். "போன வருஷம் அச்சு ஒடிஞ்சப்ப அப்படித்தான் எழுதினீங்க சார். ஓட்டத் தெரியாதவன்னு. முப்பது வருஷமா ஓட்டறேன்."



ஒப்பந்தக்காரர் பேனாவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார். பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். ஆயிரம் காகிதங்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட கை அது. தப்பு தன் தலையில் வந்து உட்காரும் ஒரு காகிதம் மட்டும் அதற்குப் பழக்கமில்லை.

"ஒண்ணு கூடப் போட்டுத் தொலைங்க" என்றார். "அஞ்சும் ஒரே மாதிரி இருந்தாத்தான் பாக்க லட்சணமா இருக்கும். நானே சொல்லணும்னு இருந்தேன்."

"கரெக்டா சொன்னீங்க சார்!" என்றார் மாமா, மூச்சு திரும்ப வந்தவராக.

அதோடு வேலை முடியவில்லை. ஐந்தாவது டயர் பின்கதவில் உட்கார மறுத்தது, பம்பரில் இடித்தது. தாங்கியை மூன்று விரல் உயரத்துக்கு ஏற்றி, கனம் தாங்குவதற்காகக் கதவுக் கீலுக்கு இரும்புப் பட்டை ஒன்று கொடுத்தாள். மதியம் ஆகிவிட்டது. ஒப்பந்தக்காரர் பொறுமை இழந்து ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

"அண்ணே, ஒரு சக்கரத்தை நீங்களே கழட்டி ஸ்டெப்னியை மாட்டுங்க. நான் பாக்கறேன்" என்றாள் டிரைவரிடம்.

"எனக்கேவா தங்கச்சி?"

"வண்டி ஒசந்து போச்சுண்ணே. மாட்டித்தான் பாருங்களேன்."

டிரைவர் ஜாக்கியை வைத்துச் சுற்றினார். கடைசிவரை சுற்றினார். டயர் தரையை விட்டு எழும்பவே இல்லை.

இரண்டு பேரும் ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலை மேலே, நான்கு ஆட்களோடு, இதைக் கண்டுபிடித்திருந்தால்?

அவள் உள்ளே போய் ஒரு கட்டைத் துண்டை அறுத்து எடுத்து வந்து ஜாக்கிக்கு அடியில் வைத்தாள். சக்கரம் எழும்பியது. இருபது நிமிடத்தில் டிரைவர் ஸ்டெப்னியை மாட்டி முடித்தார்.

"கட்டையை சீட்டுக்கு அடியில வெச்சுக்கங்க" என்றாள். "இதுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம்."

டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். ஏறுவதற்கு இப்போது காலை முன்னைவிட நன்றாகத் தூக்க வேண்டியிருந்தது.