சேலையை ஓடுபாதை என்று நம்பிய விமானம்

தொண்ணூறுகளின் நடுவில், நான் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் இருந்தோம். சம்பவம் நடந்த இடம், வெள்ளானூர் பக்கம் கோடையில் வற்றிக் கிடந்த ஒரு ஏரி.

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம் செய்வதில் பைத்தியம். எனக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம். இரண்டையும் சேர்த்து ப்ராஜெக்ட் ஆக்கினோம். விமானம் தானே ஓடுபாதையைப் பார்த்து, தானே இறங்க வேண்டும். ஏரிக்குள் சுண்ணாம்புத் தூளால் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை போட்டோம். மேலிருந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "இப்படித் தெரிந்தால் இடது, இப்படித் தெரிந்தால் நேரே" என்று என் புரோகிராமுக்கு மாதக்கணக்கில் பழக்கினேன். விமானத்தில் ஒரு கறுப்பு வெள்ளை கேமரா. படம் கீழே என் கம்ப்யூட்டருக்கு வரும், அது சொல்லும் திசை ரிமோட் வழியாக விமானத்துக்குத் திரும்பப் போகும். கரன்ட்டுக்கு மைக் செட் கடை ஜெனரேட்டர். தோழனின் ரிமோட்டில் ஒரு ஸ்விட்ச். அதைத் தட்டினால் விமானம் அவன் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு முறை அழகாக இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது முறை, "நீ ஸ்விட்சைத் தொடவே கூடாது" என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

விமானம் வளைந்து இறங்கியது. திரையின் நடுவில் வெள்ளைப் பட்டை. ஆனால் தோழன், "ஏய், எங்கேயோ போகுது!" என்று கத்தினான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தொடாதே, சரியாத்தான் போகுது" என்றேன்.

நல்லவேளை, அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்விட்சைத் தட்டித் திருப்பினான். விமானம் சாய்ந்து கருவேலம் புதரில் போய் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். கரையோரம் ஒரு பெண், துவைத்த வெளிர்மஞ்சள் சேலைகள் இரண்டை நீளவாக்கில் ஒட்டி விரித்து, முனையில் கல் வைக்கக் குனிந்தவர், அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

இருவரும் ஓடினோம். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை, அன்று லீவு என்று பிறகு தெரிந்தது. அடிக்க வருவார் என்று நினைத்தேன்.

"இன்னாமா இது? நேரா என் தல மேலயே வர்து!"

மன்னிப்புக் கேட்டுவிட்டு, அது தானே பார்த்துப் போகும் விமானம், கறுப்பு வெள்ளை கேமராவில் உங்கள் சேலை வெள்ளையாகத் தெரிந்ததால் பாதை என்று நினைத்துவிட்டது என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

"கண்ணு கீதுன்ற. அப்ப நான் குனிஞ்சிகினு இருந்தது தெர்ல?"

"இல்லைக்கா... அதுக்குப் பாதையை மட்டும்தான் காட்டிப் பழக்கினோம்."

"மனுசாளக் காட்டவே இல்லியா?"

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எத்தனையோ படங்களில் ஒன்றில்கூட ஆள் இல்லை. யாராவது குறுக்கே வந்தால் படம் கெட்டுப்போகும் என்று, நான்தான் எல்லோரையும் விரட்டிவிட்டு எடுத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு, படத்தில் ஆளாக நிற்க, அவரே இரண்டு தோழிகளோடு வந்தார். இந்த முறை தோழனின் விரல் ஸ்விட்சிலேயே இருந்தது. பழுது பார்த்த விமானமும் உயரத்திலேயே பறந்தது. நின்றும், குனிந்தும், குடை பிடித்தும், சிரித்துக்கொண்டே போஸ் கொடுத்தார்கள். ஆனாலும் கடைசிவரை என் புரோகிராம் மனிதர்களைச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. அதை மறைக்காமல் ரிப்போர்ட்டில் எழுதினேன். மதிப்பெண் குறைந்தது, வருத்தப்படவில்லை.

இன்றும் இதே மாதிரி வேலையில்தான் இருக்கிறேன். அன்று அவர் திட்டியிருந்தால் நாலு நாளில் மறந்திருப்பேன். கேள்வி கேட்டுவிட்டுப் போனதால்தான், இத்தனை வருடங்களாக அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.