கரீம் பாயின் ரேகை

அம்மாவின் பாஸ்போர்ட்டை வாங்க இன்று காலை ஆம்பூர் பஜாரில் உள்ள டிராவல்ஸுக்குப் போயிருந்தேன்.

எங்கள் தெரு கரீம் பாய் அங்கே உட்கார்ந்திருந்தார். தோல் பதனிடும் டேனரியின் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டியே கிழவரானவர். மக்காவுக்கு உம்ரா என்னும் புனிதப் பயணம் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அந்த நாட்டுச் சட்டப்படி விசாவுக்கு விரல் ரேகை பதிய வேண்டும். எல்லா விரலையும் வைத்துப் பார்த்தார். மெஷின் ஒன்றையும் ஏற்கவில்லை.

"இன்னா பாய், ரேகையே இல்ல. விரல் மொழுமொழுன்னு இருக்குது. கொஞ்ச நாள் எண்ணெய் தடவிட்டு வாங்க" என்றார் டிராவல்ஸ்காரர்.

"தடவிட்டுத்தான் வர்றேன், தம்பி. போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

அடுத்து உட்கார்ந்தவர் அதே டேனரியின் முதலாளி. அவர் விரலை வைத்ததுமே மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பேஜார் ஆவாதீங்க, கரீம். அல்லாகிட்டேருந்து அழைப்பு வந்தாதான் போக முடியும். உங்களுக்கு இன்னும் வரல."

"சரிங்க முதலாளி" என்றார் கரீம் பாய், எழுந்து நின்று.

முதலாளிக்கு வருஷா வருஷம் அழைப்பு வந்துவிடுகிறது. கரீம் பாயின் ரேகை அந்த முதலாளியின் சுண்ணாம்புக் குழியில்தான் கிடக்கிறது. விமானம் ஏறுவதற்குள் கொஞ்சம் தேடிப் பார்க்கும்படி யாராவது அவரிடம் சொல்லுங்களேன்.