விட்டுப்போன மைனஸ்

1. மஞ்சள் கரைசல்

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ் ஒன்றில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். எங்கள் முதலாளி அங்கே வேலை இல்லாதவர் யாரையும் மெஷின் பக்கம் விடமாட்டார். அவரே ஆராய்ச்சி மாணவி மகேஸ்வரியை, அச்சடித்த தாளில் வார்னிஷைக் காயவைக்கும் டிரையர் வரை அனுமதித்தது எனக்கு ஆச்சரியம். மல்லாங்கிணற்றுப் பெண். டிரையர் சூடு டக்ட் என்ற தகரப் புகைபோக்கி வழியாக வீணாக வெளியே போகிறது, அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்றாள்.

அவள் கொண்டுவந்தவை உள்ளங்கை அகல செல்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு தகடு, நடுவில் மஞ்சளாக ஓர் உப்புக் கரைசல். ஒரு தகடு டக்ட்டில் ஒட்டிச் சூடாக இருக்கும். மற்றதை மொட்டைமாடி டேங்க் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும். இரண்டுக்கும் சூட்டில் வித்தியாசம் இருக்கும்வரை கரண்ட் வரும்.

"அம்புட்டும் சேந்து ஒரு பல்பு எரியுமா?" என்று கேட்டேன்.

"குட்டி எல்.இ.டி. எரியும்ணே. அதுக்கே நாலு வருசம் படிச்சிருக்கேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

முதலாளி ஆறு வாரம் கொடுத்தார். அதற்குப் பிறகு சீசன், மெஷினைத் தொடமுடியாது. "ரீடிங் நல்லா இருந்தா டக்ட் முழுக்க மாட்டிக்கிடலாம். கடுதாசியும் தாரேன்" என்றார். அந்தக் கடிதம் இருந்தால்தான் அவளுக்கு உதவித்தொகை இன்னொரு வருஷம் நீளும்.

2. இரண்டு மணி ரீடிங்

தானாகப் பதியும் கருவி வந்து சேரவில்லை. "நோட்டுல நீங்க எழுதிருவீகளாண்ணே?" என்றாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து எழுதினேன். பார்க்காமல் எழுதியதே இல்லை. அதை இன்றும் அடித்துச் சொல்வேன்.

நான்காவது வாரம் அவள் நோட்டை முதலாளியிடம் காட்டினாள். "அண்ணாச்சி, சாப்பாட்டு நேரம் மெஷின் நிக்கும்போதும் கரண்ட் வருது. எப்படின்னு எனக்கே புரியல."

"அப்ப சும்மா நின்னாலும் சம்பாதிக்கிற மெஷினுன்னு சொல்லுதீக" என்று அவர் சிரித்தார். மறுநாள் கடிதம் தருவதாகவும் சொன்னார். எனக்கு மட்டும் உறுத்தியது.

மறுநாள் சாப்பாட்டுக்கு மெஷின் நின்றிருந்த இரண்டு மணிக்கு டக்ட்டில் கை வைத்தேன். ஹீட்டரை அணைத்த பிறகும் ஃபேன் ஓடுவதால் ஆறிக் கிடந்தது. தண்ணீர்க் குழாயைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். மாடி வெயிலில் டேங்க் தண்ணீர் அப்படிச் சூடேறியிருந்தது. சூடாக இருக்கவேண்டிய பக்கம் ஆறியிருந்தது, ஆறவேண்டிய பக்கம் சூடாக இருந்தது. மீட்டர் மைனஸ் காட்டியது.

அது தினமும் காட்டியதுதான். எலக்ட்ரீஷியனுக்கு மைனஸ் என்றால் வயரை மாற்றி வைத்துவிட்டோம் என்று அர்த்தம். அதனால் எண்ணை மட்டும் எழுதி, மைனஸை விட்டுவிட்டேன். கரண்ட் திரும்பி ஓடியதை நேராக ஓடியதாக அவள் கணக்கில் சேர்த்திருக்கிறாள்.

3. ஆபீஸ் அறை

கடிதம் டைப் அடித்து மேஜையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு உள்ளே போய் இரண்டு பேரிடமும் சொன்னேன்.

"ரெண்டு மணி ரீடிங் மட்டுந்தானாண்ணே?" என்றாள் மகேஸ்வரி.

"இல்ல தாயி. அச்சு பிளேட் மாத்த மெஷின் நின்னப்பவும் வந்திருக்கும். வந்தப்பல்லாம் விட்டுட்டேன்."

"எந்தெந்த நாளுன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

அவள் திட்டவில்லை. நோட்டை மூடினாள். "அப்ப பூராம் போச்சு."

முதலாளி கடிதத்தை டிராயருக்குள் வைத்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும்பாக. சறுக்குனது ஒமக்கு, விழுந்தது இந்தப் புள்ள" என்றார்.

மீதி இரண்டு வாரமும் அவளே நின்று எழுதினாள். அது போதாது என்று உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். இப்போது சாத்தூரில் டியூஷன் எடுக்கிறாள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களே, மீட்டர் காட்டுவதை அப்படியே எழுதுங்கள். தப்பென்று தோன்றினால் அதைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். மீட்டர் பிடிக்கவே தெரியாத ஒருவர் அந்த நோட்டை எழுதியிருந்தால், மைனஸ் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்திருக்கும். வேலை தெரிந்தவன் என்று நம்பி என்னிடம் கொடுத்தாள்.